தாளம் தட்டிப் பாடும் ரோபோ: தொடக்கநிலை கிட் வைத்தே செய்யலாம்

பஸர் பாடும், இரண்டு கைகள் தாளம் தட்டும், எந்தக் கை விழுகிறதோ அந்தப் பக்கத்துக் கண் மின்னும். இவ்வளவுதான் இந்த ரோபோ. வயரிங் எளிது, புரோகிராமும் சின்னதுதான். பாட்டும் தட்டும் ஒரே கணத்தில் காதில் விழ வைப்பதுதான் உண்மையான வேலை. அது கொஞ்சம் பிசகினாலும் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

தேவையானவை: ஆர்டுயினோ யூனோ (புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு மின்னணு போர்டு) 1, ப்ரெட்போர்டு (வயர்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை) 1, எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்) 2, பாஸிவ் பஸர் 1, எல்இடி 2, 220 ஓம் ரெசிஸ்டர் 3, புஷ் பட்டன் 1, 470 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெப்பாசிட்டர் 1, நான்கு டபுள்-ஏ செல் போடும் பேட்டரி ஹோல்டர் 1, ஜம்பர் வயர்கள். கிட்களில் பெரும்பாலும் ஒரே ஒரு சர்வோதான் இருக்கும். இன்னொன்றும் பேட்டரி ஹோல்டரும் தனியாக வாங்க வேண்டிவரலாம். உடம்புக்கு ஒரு அட்டைப்பெட்டி, கைகளுக்கு 12 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு மெல்லிய மரக்குச்சிகள், தட்டுவதற்கு ஒரு தகர மூடியும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் போதும்.

முதலில் பஸரைச் சோதியுங்கள்

பல கிட்களில் இரண்டு வகை பஸரும் இருக்கும், பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆக்டிவ் பஸருக்குள் அதற்கென ஒரு சுற்று உண்டு. மின்சாரம் கொடுத்தால் ஒரே சுருதியில் கத்தும், பாடாது. கண்டுபிடிக்க, பஸரோடு ஒரு 220 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து 5 வோல்ட்டில் ஒரு நொடி தொடுங்கள். ‘பீ’ என்று ஒலித்தால் ஆக்டிவ். ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் பாஸிவ். நமக்கு வேண்டியது ‘டிக்’.

அந்த ரெசிஸ்டரைப் பிறகும் எடுத்துவிடாதீர்கள். சில பாஸிவ் பஸர்களுக்குள் இருப்பது காந்தச் சுருள். அதன் தடை மிகக் குறைவு என்பதால், நேரடியாக இணைத்தால் யூனோவின் ஒரு ‘பின்’ (வயர் செருகும் முனை) தாங்கக்கூடிய 40 மில்லிஆம்பியரைத் தாண்டிவிடும்.

வயரிங்

பஸர் ரெசிஸ்டர் வழியாக 8-ஆம் பின்னுக்கு. இடது சர்வோவின் ஆரஞ்சு வயர் 9-க்கு, வலதுடையது 10-க்கு. கண்களான எல்இடிகள் ஆளுக்கொரு ரெசிஸ்டரோடு 4-க்கும் 5-க்கும். பட்டனின் ஒரு கால் 2-க்கு, அதற்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள கால் கிரவுண்டுக்கு. புரோகிராமில் அந்தப் பின்னை ‘இன்புட் புல்-அப்’ என்று அமைத்தால் போர்டுக்குள் இருக்கும் ரெசிஸ்டரே போதும், தனி ரெசிஸ்டர் தேவைப்படாது. எல்இடிகளை 3 அல்லது 11-க்கு மாற்றி ஒளியைக் கூட்டிக் குறைக்க நினைத்தால் அது நடக்காது: பஸரை ஒலிக்க வைக்கும் ‘டோன்’ கட்டளை எடுத்துக்கொள்ளும் டைமர்தான் அந்த இரண்டு பின்களின் பிடபிள்யூஎம்மையும் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வேகத் துடிப்பு) இயக்குகிறது.

சர்வோக்களுக்கான மின்சாரத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். கை கிளம்பும் கணத்தில் ஒரு சர்வோ பல நூறு மில்லிஆம்பியர் இழுக்கும். இரண்டையும் யூனோவின் 5 வோல்ட் பின்னில் மாட்டினால் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். பாட்டு முதல் தட்டிலேயே நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். சதுரமான 9 வோல்ட் பேட்டரியும் இதற்கு உதவாது, அவ்வளவு மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. எனவே நான்கு செல்களின் பாசிட்டிவ், சர்வோக்களின் சிவப்பு வயர்களுக்கு மட்டும் போகட்டும். யூனோவுக்கு யுஎஸ்பி மின்சாரமே போதும். ஆனால் பேட்டரியின் நெகட்டிவ், சர்வோக்களின் பழுப்பு வயர்கள், யூனோவின் கிரவுண்ட் மூன்றும் ஒன்றாக இணைந்தே ஆக வேண்டும். இதை விட்டால் சர்வோ தன்பாட்டுக்கு நடுங்கும், சொன்ன பேச்சு கேட்காது.

கெப்பாசிட்டரைச் சர்வோக்களின் மின்சார வரிசையில் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே வையுங்கள். கோடு போட்ட கால் நெகட்டிவுக்கு. மாற்றிச் செருகினால் உப்பி வெடிக்கக்கூடும். நீளமான ப்ரெட்போர்டு என்றால் ஓரத்து வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். துண்டிப்பு இருந்தால் ஒரு சிறு வயர் போட்டு இணைத்துவிடலாம்.

கைகளை மாட்டுவது

முதலில் இரண்டு சர்வோக்களையும் புரோகிராம் மூலம் 90 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகே ஹார்ன் எனப்படும் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டை அச்சில் பொருத்தித் திருகுங்கள். அச்சில் ஒரு பல் தள்ளி மாட்டினாலே 17, 18 டிகிரி விலகிவிடும். மரக்குச்சியை ஹார்னோடு நூலால் இறுக்கிக் கட்டுங்கள். டேப் மட்டும் ஒட்டினால் சில நிமிடத் தட்டுகளிலேயே தளர்ந்துவிடும். குச்சி நுனியில் ரப்பர் பேண்ட் சுற்றினால் தகரத்தின் கிறீச்சொலி குறையும்.

சர்வோக்களைப் பெட்டியின் இரண்டு பக்கங்களிலும் துளை வெட்டித் திருகுங்கள். அவை எதிரெதிராகப் பார்ப்பதால் கோணங்களும் எதிரெதிராகவே வரும்: இடது கை 90-இலிருந்து 115-க்குப் போனால், வலது கை 90-இலிருந்து 65-க்கு. பெட்டிக்குள் அடியில் சில கூழாங்கற்களைப் போட்டுவைத்தால் தட்டும்போது உடம்பு ஆடாது.

தகர மூடியை ஒட்ட வேண்டாம். ஒட்டினால் அதிர்வு செத்து ‘டப்’ என்று முடிந்துவிடும். இரண்டு ஸ்பாஞ்சுத் துண்டுகள்மேல் சும்மா வைத்துப் பாருங்கள், கணீரென்று ஒலிக்கும். குச்சி மூடியைத் தொடுகிற கோணத்தை இரண்டு இரண்டு டிகிரியாகக் கூட்டிக் கண்டுபிடியுங்கள். அதிகமாகிவிட்டால் குச்சி மூடியை அழுத்திக்கொண்டு நிற்கும், சர்வோ முனகும், சூடாகும்.

பாட்டும் நேரமும்

சிறிய பஸர்கள் தாழ்ந்த சுருதியில் மெலிந்து ஒலிப்பதால் உயர்ந்த ஸ்தாயியே நல்லது. ச 523, ரி 587, க 659, ம 698, ப 784, த 880, நி 988, மேல் ச 1047 ஹெர்ட்ஸ். புரோகிராமில் இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் சுரங்களின் எண்கள், மற்றொன்றில் அந்தந்த இடத்தில் எந்தக் கை (0 கை இல்லை, 1 இடது, 2 வலது). பட்டனை அழுத்தியதும் இரண்டு பட்டியலும் சேர்ந்து நகர வேண்டும்.

பஸர் சொன்ன கணமே ஒலிக்கும். கைக்கு நேரம் பிடிக்கும். எஸ்ஜி90 60 டிகிரி நகர ஏறத்தாழ 100 மில்லிசெகண்ட் எடுப்பதால், 25 டிகிரிக்கு 40-க்குச் சற்று மேல் ஆகும். போதாததற்கு, சர்வோவுக்குக் கட்டளைத் துடிப்பு 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் போகிறது. ஆகவே கையை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். ஓர் அட்சரத்துக்கு 400 மில்லிசெகண்ட் என்றால் வரிசை இது: கை இறங்கட்டும், கண் எரியட்டும், 60 காத்திருப்பு, சுரத்தை 300 அளவுக்கு ஒலிக்கவிடுங்கள், 30 காத்திருப்பு, கை மேலே, கண் அணையட்டும், மீதி 310 காத்திருப்பு. ‘டோன்’ ஒலித்துக்கொண்டிருக்கும்போதே புரோகிராம் அடுத்த வரிக்குப் போய்விடும் என்பதால் சாதாரண ‘டிலே’ கட்டளையே போதும். கை 0 ஆன இடங்களிலும் காத்திருப்புகளை விட்டுவிடாதீர்கள். விட்டால் அந்த இடத்தில் லயம் ஓடிவிடும்.

சுரம் 400-க்கும் ஒலிக்காமல் 300-இல் நிற்பதற்கும் காரணம் உண்டு. இடைவெளி இல்லாவிட்டால் ‘ப ப’ என்று அடுத்தடுத்து வருவது ஒரே நீண்ட ‘ப’ ஆகிவிடும்.

ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். தட்டு பின்தங்கினால் 60-ஐ 70 ஆக்குங்கள், முந்தினால் 50. கூட்டியதையோ குறைத்ததையோ 310-இல் சரிக்கட்டிவிட்டால் மொத்தம் 400 மாறாது. செல்கள் தீரத் தீர சர்வோ மெதுவாகும், அப்போது இந்த எண்ணை மறுபடி பார்க்க வேண்டிவரும்.

வேகத்தைக் கூட்டும்போது அட்சரம் 150-க்குக் கீழே போனால் ஒரே கையால் அடுத்தடுத்துத் தட்ட முடியாது. முழுதாக மேலே வருவதற்குள் மறுபடி இறங்க வேண்டியிருப்பதால் சத்தம் மெலியும். தூக்கும் கோணத்தை 25-இலிருந்து 15 ஆக்குங்கள், அல்லது தகதிமியின் நான்கு எழுத்தையும் 1, 2, 1, 2 என்று கை மாற்றி எழுதுங்கள். ஒவ்வொரு கைக்கும் இரட்டிப்பு நேரம் கிடைக்கும்.