புரதக் கோட்டில் புரதம்தான் இருக்கிறதா? மைக்ரோ வடிவப் பரப்பைச் சோதிக்கும் முறை

கண்ணாடித் தகட்டில் 20 மைக்ரான் அகலத்தில் புரதக் கோடுகள். இடைவெளிகளில் செல் ஒட்டாதிருக்க பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாக பெக். சிலிகோன் அச்சில் புரதத்தைத் தடவி, முத்திரை குத்துவதுபோல் அழுத்தி எடுத்தாயிற்று. ஃப்ளூரசன்ஸில், அதாவது ஒளிரும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், கோடு பளிச்சென்று தெரியும். ஆனால் அது சாயம் ஏற்றிய புரதத்தை மட்டுமே காட்டும், கூடவே ஒட்டிக்கொண்ட அழுக்கைக் காட்டாது.

படி 1: வடிவமிட்ட தகட்டோடு, வெறும் கண்ணாடி, முழுக்க பெக், முழுக்கப் புரதம் என மூன்று ஒப்பீட்டுத் தகடுகளும் செய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இவை இல்லாமல் அளவீட்டு வரைபடத்தில் எந்த உச்சம் எதனுடையது என்று சொல்ல முடியாது.

படி 2: பஃபரில் (உப்புக் கலந்த கரைசல்) அலசியபின் தூய நீரிலும் அலசி உலர்த்துங்கள். உப்பு தங்கினால் படி 4இல் அளக்கும் அயனிச் சமிக்ஞை குழம்பிவிடும். பின்செட் (இடுக்கி) தகட்டின் ஓரத்தை மட்டும் தொடட்டும்.

படி 3: முதலில் ஒப்பீட்டுத் தகடுகளை எக்ஸ்பிஎஸ்ஸில் (எக்ஸ் கதிர் பாய்ச்சி, வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கும் கருவி) வையுங்கள். மேலிருந்து சுமார் 10 நானோமீட்டர் ஆழம் வரை என்னென்ன தனிமங்கள், எத்தனை சதவீதம் என்று அது சொல்லும். பெக்கில் நைட்ரஜன் கிடையாது, புரதத்தில் உண்டு. ஆகவே 400 எலக்ட்ரான் வோல்ட் அருகே வரும் நைட்ரஜன் உச்சம் நல்ல அடையாளம். ஆனால் பெக்கைப் பிணைக்க அமினோ சிலேன் பூசியிருந்தால் அதிலும் நைட்ரஜன் உண்டு, ஏமாறாதீர்கள்.

படி 4: கோடுகளைப் படமாகப் பார்க்க டோஃப்-சிம்ஸ் என்ற கருவி. அயனிக் கற்றை தட்டித் தெறிக்கும் துண்டுகளை எடை பார்த்துப் பிரிக்கும். மேல் ஓரிரு நானோமீட்டர்தான் அதன் எல்லை. சதுர சென்டிமீட்டருக்கு 10¹³ அயனிகளைத் தாண்டாதீர்கள், தாண்டினால் கற்றையே பரப்பைச் சிதைக்கும். நிறை எண் 70, 110 ஆகியவற்றில் புரதத் துண்டுகளின் படம், 45இல் பெக்கின் படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள்.

படி 5: இனிதான் முக்கியம். 73, 147 இரண்டையும் பாருங்கள், அவை சிலிகோனின் கையெழுத்து. 73 மட்டும் தெரிந்தால் அவசரப்படாதீர்கள்: பெக்கும் 73இல் ஒரு துண்டு தரும். சிலிகோனுடையது 73.05, பெக்குடையது 73.03. நிறைப் பிரிதிறன் குறைந்த படமுறையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். கோட்டின்மேல் 147உம் இருந்தால், அச்சிலிருந்து எண்ணெய் போன்ற குறுஞ்சங்கிலி சிலிகோன் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் அச்சை ஹெக்ஸேனில் ஊறவைத்து, கரைப்பானை மாற்றி மாற்றிக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். அப்புறம் புரதம் தடவாத வெறும் அச்சைப் புதிய கண்ணாடியில் அழுத்தி, 147 போய்விட்டதா என்று பாருங்கள்.