இத்தாலிச் சுற்றுலா: பர்ஸைப் பதம் பார்க்கும் தவறுகள்

ரோம், புளோரன்ஸ், வெனிஸ் பார்த்துவிட்டு இரண்டு நாள் கடற்கரை. இத்தாலிக்குப் போகிற பலருடைய திட்டம் இதுதான். இதில் காசு வீணாவது பெரும்பாலும் போக்குவரத்தில். அதிலும் முதலிடம் வாடகைக் காருக்கு.

புளோரன்ஸ், பீசா, சியெனா, ரோம் ஆகிய ஊர்களின் பழைய நகரப் பகுதிக்குள் அனுமதியில்லாத வண்டிகள் குறிப்பிட்ட நேரங்களில் நுழையக் கூடாது. இசட்.டி.எல். என்பார்கள். அடையாளம், சிவப்பு விளிம்பிட்ட வெள்ளை வட்டப் பலகை. பெரும்பாலும் குறுக்குக் கட்டையும் இருக்காது, போலீஸ்காரரும் நிற்கமாட்டார். கேமரா நம்பர் பிளேட்டைப் படமெடுத்துக்கொள்ளும். மின்பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று எரிந்தால் வழி திறந்திருக்கிறது என நினைத்து உள்ளே போகிறவர்கள் உண்டு. கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்பதுதான் விஷயம். வழி தெரியாமல் மறுபடி நுழைந்தால் மறுபடி அபராதம். உங்கள் விவரத்தைப் போலீஸுக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனமும் தனியே ஒரு கட்டணம் பிடிக்கும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு என்பதால், பயணத்தையே மறந்த பிறகும் கடிதம் வரலாம். விடுதி பழைய நகருக்குள் இருந்தால், வண்டி எண்ணைப் பதிவு செய்து தருவார்களா என்று முன்பே கேளுங்கள். புளோரன்ஸுக்கு ஏ1 நெடுஞ்சாலையை ஒட்டிய வில்லா கொஸ்தான்சாவில் நிறுத்திவிட்டு டி1 டிராம் பிடிப்பது நிம்மதி. பெரிய நகரங்களுக்கு இடையே கார் தேவையே இல்லை.

ரயிலிலும் ஒரு கண்ணி. பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நிலையத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி நேரமுத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு; சுற்றுலாப் பயணி என்பது சாக்காகாது. நேரமும் இருக்கையும் குறித்த அதிவேக ரயில் டிக்கெட்டுக்கு இந்த வேலை இல்லை.

எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பொம்பேயிக்கு நேப்பிள்ஸிலிருந்து போகிறவர்கள் சிர்க்கும்வெசுவியானா ரயிலில் ‘பொம்பேயி ஸ்காவி’ நிலையத்தில் இறங்கினால் இடிபாடுகளின் வாசல் அருகிலேயே. வெறும் ‘பொம்பேயி’ என்ற நிலையம் ஊருக்குள் இருக்கிறது. வெனிஸிலும் இதே குழப்பம்: மெஸ்த்ரே நிலையம் தீவுக்கு வெளியே நிலப்பகுதியில் இருக்கிறது, தீவுக்குள் போக சாந்தா லூச்சியா நிலையம் வரை டிக்கெட் எடுங்கள். பெரிய பெட்டி வேண்டாம். பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு, தூக்கித் தூக்கித் தோள் கழன்றுவிடும்.

விடுமுறை நாள் பார்க்காமல் போவது அடுத்த தவறு. புளோரன்ஸின் உஃபீசி ஓவியக்கூடம் திங்களன்று மூடல். வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிறு மூடல். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பு, அன்று இலவசம், கூட்டமோ நெரியும். மிலானில் டாவின்சியின் ‘கடைசி இராவுணவு’ பார்க்கக் கிடைப்பது 15 நிமிடம், அதற்கும் பல வாரம் முன்பே பதிவு வேண்டும்.

கடற்கரைக்கு வருவோம். சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களுக்குக் காரில் போய் நிறுத்துமிடம் தேடாதீர்கள். லா ஸ்பெத்சியாவிலோ லெவாந்தோவிலோ தங்கி ரயிலில் போய் வரலாம். நல்ல மணல் கடற்கரை வேண்டுமென்றால் இந்த ஐந்தில் மொந்தெரொஸ்ஸோதான். இன்னொரு ஊரான கொர்னீலியாவில் நிலையத்திலிருந்து ஊருக்கு 380-க்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் சிறு பேருந்துக்குக் காத்திருக்கலாம். மலைப்பாதையில் செருப்போடு நடந்தால் அபராதம் உண்டு.

தெற்கே உள்ள அமால்ஃபி கடற்கரை ஊருக்கு ரயிலே இல்லை. சொரெந்தோவிலிருந்து பேருந்தில் போனால் வலப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம். வளைவுகளில் தலை சுற்றுகிறவர்களுக்கு சலேர்னோவிலிருந்து படகு மேல். ஆனால் குளிர்காலத்தில் அதை நம்பித் திட்டம் போடவேண்டாம்.