ரூபிக்ஸ் கியூபைத் தீர்க்கும் நாலு கை ரோபோ: விரல் முதல் நிரல் வரை

கியூபைத் தானே தீர்க்கும் ரோபோ செய்யலாம் என்று முடிவானதும் பெரும்பாலான மாணவர் குழுக்கள் முதலில் கை வைப்பது அல்காரிதத்தில். உண்மையில் அங்கேதான் வேலை மிகக் குறைவு. ஹெர்பர்ட் கோசியெம்பா 1992-ல் உருவாக்கிய இரண்டு கட்ட முறை பைத்தான் லைப்ரரியாகவே கிடைக்கிறது. கியூபின் 54 ஸ்டிக்கர்களின் நிறத்தையும் 54 எழுத்துகளாகக் கொடுத்தால் 20-ஐ ஒட்டிய திருப்பங்களில் விடை வந்துவிடும். எப்படிக் கலைத்த கியூபுக்கும் 20 திருப்பம் போதும் என்பது 2010-லேயே நிரூபணமான விஷயம். செமஸ்டர் முழுக்க உயிரை வாங்கப் போவது விரல், கரண்ட், வெளிச்சம் ஆகிய மூன்றும்தான்.

ஆறு ஸ்டெப்பர் மோட்டாரை ஆறு நடுத்துண்டிலும் நேராகச் செருகினால் வேகம் பறக்கும். ஆனால் கியூபைத் துளைக்க வேண்டும். பார்க்க வந்தவர் தன் கியூபை நீட்டினால் வாங்கி மாட்ட முடியாது. முதல் முறை செய்கிறவர்களுக்கு நாலு கை அமைப்பே சரி. முன், பின், இடது, வலது என நாலு கைகள்; ஒவ்வொன்றுக்கும் கவட்டை மாதிரி இரண்டு விரல், அதைச் சுழற்ற ஒரு சர்வோ (சொன்ன கோணத்துக்குப் போய் நிற்கும் மோட்டார்), முன்னும் பின்னும் நகர்த்த இன்னொரு சர்வோ.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை போனால் எலெக்ட்ரானிக்ஸ் முழுவதும் கிடைத்துவிடும். எம்ஜி996ஆர் சர்வோ 8 தேவை, 10 வாங்குங்கள். சர்வோக்களுக்குக் கட்டளை அனுப்பும் பிசிஏ9685 போர்டு 1, அதை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலர் போர்டான ஆர்டுயினோ யூனோ 1, 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 1, 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெப்பாசிட்டர் 1, சாதாரண யுஎஸ்பி வெப்கேம் 1. நகரும் தட்டுகளுக்கு 8 மி.மீ கம்பி 8, அதற்கேற்ற எல்எம்8யூயூ பேரிங். விலை குறைவு என்று எஸ்ஜி90 சர்வோ வாங்காதீர்கள். அதன் பிளாஸ்டிக் பல் கியூபின் இறுக்கத்துக்குத் தாங்காது. கியூப் மட்டும் மேக்னெட் வைத்த ஸ்பீட் கியூபாக இருக்கட்டும். பொம்மைக் கடை கியூப் இரண்டு டிகிரி பிசகினாலே சிக்கிக்கொள்ளும்.

விரலின் அளவுதான் இந்த ரோபோவின் உயிர். சாதாரண கியூப் 57 மி.மீ, அதாவது ஒரு சிறு துண்டு 19 மி.மீ. விரலும் அதைத் தாங்கும் தட்டும் 15 மி.மீ அகலத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பக்கத்துக் கையின் விரலோடு முட்டும். நீளமும் 15 மி.மீ போதும், நீண்டால் நடு அடுக்கைப் பிடித்து இழுக்கும். இரண்டு விரலுக்கும் இடையே 58 மி.மீ விடுங்கள். வழுக்காமல் இருக்க உள்ளே சைக்கிள் டியூப் ஒட்டலாம் என்று தோன்றும். வேண்டாம். உள்ளே நுழையும்போது ரப்பர் உரசி அடுக்கையே தள்ளிவிடும். அதற்குப் பதில் விரல் நுனியில் 2 மி.மீ சரிவு கொடுங்கள்.

கை எவ்வளவு தூரம் பின்வாங்க வேண்டும்? முழுக் கியூபும் சுழலும்போது அதன் மூலை, பக்கத்தைவிட 12 மி.மீ வெளியே வரும். விரல் 15, மூலைக்கு 12, ஆக 27; 30 மி.மீ என்று வைத்துக்கொள்ளலாம். மாட்யூல் (பல்லின் அளவு) 1, 20 பல் கொண்ட பினியன் என்ற பல்சக்கரம் 180 டிகிரி சுற்றினால், அதோடு பொருந்தும் நேர்ப் பற்சட்டமான ரேக் 31.4 மி.மீ நகரும். கணக்கு கச்சிதம்.

57 மி.மீ கியூபுக்கு 58 மி.மீ விட்டோமே, அந்த 1 மி.மீ இடைவெளியால் விரல் சுமார் 4 டிகிரி வெறுமனே ஆடும். 90-க்குத் திருப்பச் சொன்னால் அடுக்கு 86-லேயே நின்றுவிடும். அடுத்த திருப்பம் சிக்கும். எனவே 94 வரை போய், பிறகு 90-க்குத் திரும்ப வேண்டும். இதற்குச் சர்வோ 180-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுழல வேண்டும். 50 ஹெர்ட்ஸில் பிசிஏ9685-க்கு அனுப்ப வேண்டிய எண்கள்: நடுநிலை 307, இரு முனைகள் 102, 512. ஒவ்வொரு சர்வோவையும் தனித்தனியாகச் சோதித்து எழுதி வையுங்கள். 188 டிகிரி எட்டாதவற்றை நகர்த்தும் வேலைக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே துல்லியம் தேவையில்லை. முனையில் முட்டி ரீங்காரம் போடும் சர்வோவை அப்படியே விட்டால் சூடேறிக் கருகிவிடும்.

இந்த சர்வோ ஒன்று சிக்கி நின்றால் 2.5 ஆம்பியர் வரை இழுக்கும். ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னில் மாட்டினால் முதல் திருப்பத்திலேயே போர்டு ரீசெட் ஆகும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் இழுங்கள். பிரெட்போர்டு ஜம்பர் வயர் சூடாகும், 1 சதுர மி.மீ வயர் போடுங்கள். கிரவுண்டை ஆர்டுயினோ, எஸ்எம்பிஎஸ் இரண்டுக்கும் பொதுவாக இணைக்க மறந்தால் சர்வோக்கள் பேய் பிடித்தது மாதிரி ஆடும். நாலுக்கு மேல் ஒரே நேரத்தில் நகராதபடி நிரலிலேயே கட்டுப்படுத்துங்கள்.

இனி நிரல். ஒவ்வொரு கைக்கும் இரண்டு நிலைகளை நினைவில் வையுங்கள்: உள்ளேயா வெளியேயா, கோணம் −90, 0, +90-ல் எது. 0-ல் விரல்கள் செங்குத்து. வலது கை படுக்கையாக இருக்கும்போது முன் கையைத் திருப்பினால் விரலோடு மோதும். ஆக, பக்கத்துக் கைகள் இரண்டும் செங்குத்தாக இல்லாவிட்டால் திருப்ப மறுக்கும் சோதனை ஒன்று கட்டாயம். எதிரெதிர் ஜோடி ஒன்றாவது எப்போதும் பிடித்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது சோதனை. இல்லையேல் கியூப் தரையில்.

கால் திருப்பத்துக்கு நாலு அசைவு: திருப்பு, பின்வாங்கு, நேராகு, பிடி. அரைத் திருப்பத்தை இதையே இரண்டு முறை செய்து எட்டு அசைவாக்க வேண்டாம். +90 திருப்பி, பின்வாங்கி, −90-க்குப் போய், பிடித்து, 0-க்கு வந்தால் ஐந்திலேயே முடியும்.

மேலும் கீழும் கை இல்லை. மேல் பக்கத்தைத் திருப்ப, முன்-பின் கைகளை விலக்கி, இடது-வலது கைகள் சேர்ந்து முழுக் கியூபையும் உருட்ட வேண்டும். இரண்டும் எதிரெதிரே பார்ப்பதால் சர்வோக்களுக்கு எதிர்த் திசைக் கட்டளை. குறி மாறினால் துணி பிழிவது போலக் கியூபை முறுக்கிவிடும். உருட்டியதும் நிரலில் பக்கங்களின் பெயர்களை மாற்றிக்கொண்டு தொடருங்கள். பழைய நிலைக்குத் திருப்பி உருட்டுவது வீண். அடுத்த திருப்பம் முன் பக்கம் என்றால் முன்-பின் கைகளால் உருட்டுங்கள், முன் பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்படிச் செய்தால் மொத்தம் 120 அசைவை ஒட்டி வரும், அசைவுக்கு 0.35 நொடி என்றால் முக்கால் நிமிடத்துக்குள் கியூப் தீர்ந்துவிடும்.

கேமராவை மேலே மாட்டுங்கள். பிடித்திருக்கும் ஜோடி படுக்கையாகவும் மற்ற ஜோடி விலகியும் இருக்கும்போது மட்டும் படம் எடுங்கள், அப்போதுதான் ஒன்பது ஸ்டிக்கரும் மறையாமல் தெரியும். ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் அணைத்துவிடுங்கள். எல்இடி பட்டையின் மேல் பட்டர் பேப்பர் ஒட்டினால் பளபளப்பு அடங்கும். சிவப்பையும் ஆரஞ்சையும் குழப்பாத கேமரா அபூர்வம். ஒவ்வொரு நிறத்துக்கும் நிலையான எண் வரம்பு வைத்தால் காலையில் சரியாக வந்தது மதியம் தப்பும். ஆறு நடுத்துண்டின் நிறத்தோடு ஒப்பிட்டு, மிக நெருங்கியவற்றிலிருந்து தொடங்கி நிறத்துக்கு ஒன்பது என்று பங்கிடுவதே நம்பகமான வழி.

லைப்ரரி எதிர்பார்க்கும் வரிசை மேல், வலது, முன், கீழ், இடது, பின். படம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில்தான் அதிகம் தப்பு நடக்கும். தீர்ந்த கியூபை வைத்து இதைச் சோதிப்பவர் ஏமாறுவார். அது எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் தெரியும். வலது பக்கத்தை மட்டும் ஒரு கால் திருப்பம் திருப்பி வையுங்கள். அதையே எதிர்த் திசையில் திருப்பச் சொல்லும் ஒற்றை விடை வர வேண்டும். ஆறு பக்கத்துக்கும் இப்படியே செய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் லைப்ரரி பிழை காட்டினால், யாரோ கியூபின் மூலைத் துண்டைக் கையால் முறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

விரல்களை 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்டிருந்தால் போட்டிக்குக் கொண்டுபோகும் நாளில் கவனம். அது 60 டிகிரியை ஒட்டி இளகும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் 58 மி.மீ இடைவெளி 58-ஆக இருக்காது. பெட்ஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, மாற்று விரல் ஒரு ஜோடியும் வெர்னியர் ஒன்றும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.