நெடுங்காலம் அடைத்து வைக்கப்பட்டவர்கள் மீண்டு வந்து துணை தேடும்போது

ஒருவரை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைப்பவன், எப்போது உண்பது, எப்போது உறங்குவது, எப்போது பேசுவது, யார் தன்னைத் தொடலாம் என்று தீர்மானிக்கும் உரிமை முழுவதையும் அவரிடமிருந்து பறித்துக்கொள்கிறான். மீண்டு வந்தவர் முதலில் திரும்பப் பெற வேண்டியது அந்த உரிமையைத்தான்; காதலும் மணவாழ்வும் அதன் மேல்தான் எழும்ப முடியும். அப்படி மீண்டவர்களுக்கும், அவர்களுடைய குடும்பத்தாருக்கும், அவர்களுக்குத் துணையாக வர விரும்புகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரே வீட்டில் மூன்று பெண்கள் அடைபட்டுக் கிடந்ததை உலகம் அறியும். மிஷெல் நைட் 2002இல் தம் 21ஆம் வயதிலும், அமாண்டா பெர்ரி 2003இல் தம் 17ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளிலும், ஜீனா டிஜீசஸ் 2004இல் தம் 14ஆம் வயதிலும் கடத்தப்பட்டார்கள். 2013 மே 6 அன்று அமாண்டா கதவை உடைத்து உதவி கேட்டதால் மூவரும், அங்கேயே பிறந்து ஆறு வயதாகியிருந்த அமாண்டாவின் மகளும் வெளியே வந்தார்கள். மிஷெல் பின்னர் லில்லி ரோஸ் லீ என்று பெயரை மாற்றிக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்து, தாம் மீட்கப்பட்ட அதே மே 6ஆம் நாளில், தாம் விரும்பியவரை மணந்துகொண்டார். பெயரையும் துணையையும் திருமண நாளையும் அவரே தேர்ந்தெடுத்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

முதல் வாரங்கள் உடலுக்கானவை. நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்கு அன்பின் மிகுதியால் வயிறு நிறைய விருந்து படைப்பது ஆபத்து. திடீரென உணவு சேரும்போது இரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டெனக் குறைந்து இதயத்தையே பாதிக்கக்கூடும் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பில் சிறிது சிறிதாகவே உணவைக் கூட்ட வேண்டும். வெயில் படாமல் இருந்தவருக்கு வைட்டமின் டி குறைவு இருக்கிறதா என்றும், பற்கள், கண்கள், பழைய எலும்பு முறிவுகள் எப்படி இருக்கின்றன என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கான பரிசோதனையை அவர் முழுமனதுடன் இசைந்த பிறகே, அவர் விரும்பினால் பெண் மருத்துவரைக் கொண்டே செய்ய வேண்டும்.

உடலைக் கவனிக்கும்போதே சிறு சிறு தெரிவுகளைத் தொடங்கிவிடலாம். தேநீரா காப்பியா, எந்த அறை, கதவைச் சாத்துவதா திறந்து வைப்பதா என்பவற்றை அவரிடம் கேட்டு, அவர் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். தொடக்கத்தில் அவர் திகைத்து நிற்கக்கூடும், “உங்கள் இஷ்டம்” என்று சொல்லிவிடவும் கூடும். அப்போது நீங்களே முடிவு செய்துவிடாமல் இரண்டே வழிகளைச் சொல்லி மறுபடி கேளுங்கள். குடும்பத்தார் மிகவும் தடுமாறும் இடம் இதுதான் என்று நான் கருதுகிறேன். மறுபடி இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் அவரைத் தனியே எங்கும் அனுப்பாமலும், அவருடைய கைபேசியை வாங்கிப் பார்த்தும், அவருக்காகத் தாங்களே பேசியும் காக்கும் வீடு, எவ்வளவு பாசமுள்ளதாக இருந்தாலும், அவருக்கு இன்னொரு பூட்டிய வீடாகவே தோன்றும்.

உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் 2022 முதல் ‘காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி’ (நீண்ட கொடுமைக்குப் பின் தொடரும் மனப் பாதிப்பு) என்ற நிலை தனியாக இடம்பெற்றுள்ளது. கொடுங்கனவு, திடுக்கிடல், நினைவூட்டும் எதையும் தவிர்த்தல் ஆகியவற்றுடன், உணர்ச்சிகளை அடக்க முடியாமை, தான் எதற்கும் தகுதியற்றவர் என்ற எண்ணம், உறவுகளில் நெருங்க முடியாமை ஆகிய மூன்றும் அதில் சேரும். மீண்டு வந்தவர்களே, நெருங்க முடியாமல் தவிப்பது உங்கள் குணக்கேடு என்று எண்ணாதீர்கள். சிகிச்சை உள்ள ஒரு பாதிப்பு அது. பேரதிர்ச்சியைக் கையாளப் பயிற்சி பெற்ற உளவியலாளரைத் தேடுங்கள். முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லும்படி நெருக்குகிறவரை விட்டு வேறொருவரிடம் செல்லத் தயங்க வேண்டாம். 1991இல் 11 வயதில் கடத்தப்பட்டு 18 ஆண்டுகளுக்குப் பின் 2009இல் மீட்கப்பட்ட ஜேசி டுகார்டுக்கு, குதிரைகளுடன் பழகும் சிகிச்சையும் உதவியது. பேச்சு மட்டுமே மருந்தாக இருக்க வேண்டியதில்லை.

துணையைத் தேடும் எண்ணம் எப்போது எழ வேண்டும் என்பதற்குக் காலவரையறை இல்லை. எழாமலே இருந்தாலும் குறையில்லை. ஆனால் ‘இனி என்னை யார் ஏற்பார்கள்’ என்ற எண்ணம் தடுக்கிறது என்றால், அதை நேருக்கு நேர் மறுத்தாக வேண்டும். 2002இல் 14 வயதில் கடத்தப்பட்டு ஒன்பது மாதங்கள் வன்கொடுமைக்கு உள்ளான எலிசபெத் ஸ்மார்ட், மணத்திற்கு முன் கன்னிமை இழந்தவரை மென்று துப்பிய சூயிங்கத்துக்கு ஒப்பிட்ட ஓர் ஆசிரியரின் பாடம் அந்நாட்களில் தம் மனத்தில் ஒலித்ததாகவும், தம்மை இனி யாரும் விரும்பமாட்டார்கள் என்று நினைத்ததாகவும் 2013இல் ஒரு மேடையில் சொன்னார். ‘கெட்டுப்போனவள்’ என்று சொல்லும் நம் ஊர்ப் பேச்சும் அதே கொடுமையைச் செய்கிறது. இன்னொருவன் செய்த குற்றம் உங்கள் மேல் கறையாகாது. எலிசபெத் 2012இல் மணம் புரிந்து, தாயும் ஆனார்.

பழகத் தொடங்கும்போது ஒரு சோதனையைத் தவறாமல் செய்து பாருங்கள்: சின்ன விஷயம் ஒன்றில் “வேண்டாம்” என்று சொல்லுங்கள். “இன்று சந்திக்க இயலாது”, “கையைப் பிடிக்க வேண்டாம்”, “அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை” என்பவற்றில் எதுவானாலும் போதும். அதைக் கேட்டு முகம் சுளிக்காமல், காரணம் கேட்டுக் குடையாமல், அடுத்த நாளும் அதே கனிவோடு இருப்பவரோடு மேற்கொண்டு பழகலாம். கோபிப்பவரையும், கெஞ்சியே இசைய வைப்பவரையும் விட்டு விலகுங்கள். நெடுங்காலம் அடக்கப்பட்டவருக்குக் கட்டுப்படுத்துவதே அக்கறை போலத் தோன்றிவிடும். என்ன உடுத்துவது என்று சொல்பவர், தோழியரிடமிருந்து பிரிப்பவர், ‘நான்தான் உன்னைக் காப்பாற்றினேன்’ என்று நினைவூட்டிக்கொண்டே இருப்பவர் ஆகியோரிடம் எச்சரிக்கை தேவை. உங்கள் கதையைக் கேட்கும் ஆவலில் மட்டும் நெருங்குகிறவரும் உண்டு. அவர் உங்கள் இன்றைய நாளைப் பற்றி எதுவும் கேட்கமாட்டார்.

எவ்வளவு சொல்வது என்பதும் உங்கள் உரிமையே. “நான் பல ஆண்டுகள் அடைத்து வைக்கப்பட்டிருந்தேன், சில ஒலிகளும் பூட்டிய கதவும் எனக்கு அச்சம் தரும், மற்றவற்றை நான் விரும்பும்போது சொல்வேன்” என்ற அளவு தொடக்கத்திற்குப் போதும். உடல் நெருக்கத்திற்கு முன்பே நிறுத்தச் சொல்லும் ஒரு சொல்லையோ சைகையையோ இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மனம் எங்கோ போய்விட்டது போல, உடல் மரத்தது போல உணர்ந்தால் உடனே நிறுத்தி, எழுந்து விளக்கைப் போட்டு, தண்ணீர் அருந்துங்கள். திருமணமான பின்பும் இந்த உரிமை மாறாது.

துணையாக வருகிறவர் பின்னாலிருந்து தொடக்கூடாது, சொல்லாமல் கதவைப் பூட்டக்கூடாது. “ஏன் தப்பி ஓடவில்லை” என்ற கேள்வியை ஒருபோதும் கேட்கக்கூடாது. ஓடினால் கொல்வேன் என்ற மிரட்டலையும் தப்ப முயன்றபோது விழுந்த அடியையும் சுமந்தவருக்கு அது இரண்டாம் தண்டனை. கடத்தியவனைப் பற்றி அவர் குழப்பமாகவோ இரக்கத்தோடோ பேசினாலும் அதிர்ச்சி காட்டாமல் கேளுங்கள். வியன்னாவில் 10 வயதில் கடத்தப்பட்டு எட்டு ஆண்டுகளுக்குப் பின் 2006இல் தப்பிய நத்தாஷா கம்புஷ், தம் உணர்வுகளுக்குப் பிறர் ஒட்டிய ‘ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்’ (அடைத்து வைத்தவன் மீதே பற்றுக்கொள்வது) என்ற முத்திரையை ஏற்க மறுத்தார்.

சிறைவைப்பில் பிறந்த குழந்தை இருந்தால், அக்குழந்தையைத் தாயின் துன்பத்திற்குச் சான்றாகப் பார்க்காதவரே அந்த வீட்டிற்குள் வரத் தகுந்தவர். குழந்தையிடம் அவரை அறிமுகப்படுத்த அவசரம் வேண்டாம்.

இந்தியாவில் டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் மனநல ஆலோசனை பெறலாம். துன்புறுத்தலில் சிக்கியுள்ள பெண்கள் 181ஐ அழைக்கலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. அழைக்கும்போது நடந்தது முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. “நெடுநாள் அடைத்து வைக்கப்பட்டிருந்தேன், அதற்கான சிகிச்சை எங்கே கிடைக்கும்” என்று கேட்டாலே போதும்.