ஒரே நாளில் ஹாலே: நடந்தே சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஜெர்மனி சுற்றுலா போகிறவர்கள் லைப்ஸிக் வரை வந்துவிட்டு, முக்கால் மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய ஹாலேயைத் தவறவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அதிகம் சிதையாமல் தப்பிய பழைய ஊர் இது. முதல்முறை போகிறவர்கள் இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: டிக்கெட் எடுக்கும்போது ‘ஹாலே (ஸாலே)’ என்று இருக்கிறதா பாருங்கள். வெஸ்ட்ஃபாலியாவில் வேறொரு ஹாலே உண்டு. திங்கட்கிழமை வேண்டாம், அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் விடுமுறை.

படி 2: ஸ்டேஷனிலிருந்து லைப்ஸிகர் தெரு வழியாக நடந்தால் சந்தைச் சதுக்கம் வரும். அங்கே தெரியும் ஐந்து கோபுரங்களில் சிவப்புக் கோபுரம் தனியாக நிற்பது. மற்ற நான்கும் சந்தைத் தேவாலயத்துடையவை. இரண்டு பழைய தேவாலயங்களை இடித்து, கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, நடுவில் 1529-ல் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். ஒரு ஜோடிக் கோபுரங்களுக்கு நடுவே உச்சியில் குட்டிப் பாலம் இருக்கும், அண்ணாந்து பாருங்கள். உள்ளே மார்ட்டின் லூதர் இறந்தபின் எடுத்த முக அச்சு இருக்கிறது. 1685-ல் இந்த ஊரில் பிறந்த இசைமேதை ஹாண்டெலுக்கு ஞானஸ்நானம் நடந்ததும் இங்கேதான்.

படி 3: ஷ்மேர் தெருவில் இறங்கினால் பழைய சந்தை. நீரூற்றின் மேல் ஒரு கழுதை நிற்கும். மன்னர் வருகிறார் என்று ஊரே ரோஜா தூவிக் காத்திருக்க, அவர் வேறு வாசல் வழியாகப் போய்விட்டாராம்; பூவை மிதித்துக்கொண்டு வந்தது மாவு ஆலைக் கழுதையாம். தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் ஊர் எனக்குப் பிடிக்கும்.

படி 4: ரன்னிஷே தெரு நேராக ஃப்ராங்கே நிறுவனங்களில் கொண்டுவிடும். அரை நாளை இதற்கே ஒதுக்குங்கள். 1695-ல் உண்டியலில் விழுந்த 4 தாலர் 16 குரோஷனை (அக்கால வெள்ளி நாணயங்கள்) வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார் பாதிரியார் ஃப்ராங்கே. அதுதான் பிறகு அனாதை இல்லம், அச்சகம், மருந்தகம் என்று வளர்ந்தது. வாசல் முகப்பில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரு கழுகுகளைப் பார்த்துவிட்டு மாடி ஏறுங்கள். கூரையடியில் விசித்திரப் பொருள் கூடம்: மேலே முதலை தொங்குகிறது, ஓவியம் தீட்டிய அலமாரிகளில் சங்கும் சிப்பியும். நமக்கும் இந்த இடத்துக்கும் தொடர்பு உண்டு: ஹாலேயில் படித்த லூத்தரன் மதபோதகர் சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடி வந்து இறங்கினார். அவருக்காகத் தமிழ் அச்செழுத்துகளை இங்கேதான் வார்த்து அனுப்பினார்கள். எழுத்து பெரிதாகப் போய்த் தாளை விழுங்கியதால், பிறகு தரங்கம்பாடியிலேயே சிறிதாக வார்த்தார்கள். அவருடைய தமிழ் இலக்கண நூல் 1716-ல் ஹாலேயில் அச்சானது. இங்குள்ள ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. ஆய்வாளராக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

படி 5: நேரம் மிஞ்சினால் மாநிலத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் நெப்ரா வான்தகடு, அதாவது சூரியன், நிலா, விண்மீன்களைத் தங்கத்தில் பதித்த வெண்கலக் காலத் தகடு. 1999-ல் புதையல் திருடர்கள் தோண்டியெடுத்ததை, 2002-ல் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரில் வாங்குபவர்போல் வலைவிரித்து போலீஸ் உதவியோடு மீட்டார்கள். வழியில் ஹாலோரன் சாக்லேட் உருண்டை ஒரு பெட்டி வாங்குங்கள், உப்புக் காய்ச்சும் தொழிலாளர்களின் விழாக் கோட்டுப் பொத்தான் வடிவம். சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.