தகுந்த குடித்தனக்காரரை அழைத்து வரும் வாடகை விளம்பரத்தை எழுதுவது எப்படி

வீடு காலியாகப் போகிறது என்று தெரிந்தவுடன் உரிமையாளர்களில் பெரும்பாலோர் நான்கு வரி எழுதி, கைப்பேசியில் அவசரமாக எடுத்த மூன்று படங்களைச் சேர்த்து, இணையத்தில் போட்டுவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள். அழைப்புகளுக்கும் குறைவிருக்காது. ஆனால் அழைக்கும் ஒவ்வொருவரும், வாடகை எவ்வளவு, எத்தனையாவது மாடி, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று விளம்பரத்திலேயே பதில் இருந்திருக்க வேண்டிய கேள்விகளைத்தான் கேட்பார்கள். பத்துப் பேர் நேரில் வந்து பார்த்து, பத்துப் பேருமே “கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்” என்று விடைபெற்றுப் போவார்கள். ஆள் கூட்டுவதுதான் விளம்பரத்தின் வேலை என்று எண்ணுவதால் வரும் வினை இது. பொருந்தாதவர் படித்த மாத்திரத்தில் விலகிக்கொள்ளவும், பொருந்துபவர் படித்ததும் பார்க்க வரும் நாளைக் கேட்கவும் வைப்பதே நல்ல விளம்பரம்.

எழுத உட்காருவதற்கு முன் ஓர் அளவு நாடாவோடு வீட்டைச் சுற்றி வர வேண்டும். பல ஆண்டுகளாக நமக்குப் பழகிய வீட்டை நாம் பார்ப்பதே இல்லை என்பதால், முதன்முறையாக உள்ளே வருபவர் எதைக் கேட்பார் என்று எண்ணியபடி வாசலிலிருந்து தொடங்குவது நல்லது. ஒவ்வொரு அறையின் நீள அகலத்தையும் சுவருக்குச் சுவர் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் மொத்தப் பரப்பு வேறு, சுவர்களுக்குள் புழங்கக் கிடைக்கும் தரைப்பரப்பு வேறு. குடிவருபவருக்குப் பயன்படுவது இரண்டாவதுதான் என்பதால், எந்தப் பரப்பைச் சொல்கிறீர்கள் என்பதை விளம்பரத்தில் தெளிவாக எழுத வேண்டும். சதுர மீட்டரில் கணக்கிடுபவர்களும் படிப்பார்கள் என்றால், ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 10.76 சதுர அடி என்ற கணக்கில் இரண்டையும் தந்துவிடலாம். சலவை இயந்திரத்துக்காக விட்டிருக்கும் இடத்தின் அகலம், குளிர்சாதனப் பெட்டி நிற்கும் மூலையின் அகலம், படுக்கையறையில் பெரிய கட்டிலைப் போட்டபின் எஞ்சும் நடைவழி ஆகியவை சில்லறை விவரங்களாகத் தோன்றும். ஆனால் தட்டுமுட்டுச் சாமான்களோடு வீடு மாறுபவர் முதலில் மனக்கணக்குப் போடுவது இவற்றைத்தான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை “கார் நிறுத்த வசதி உண்டு” என்று மட்டும் எழுதியிருந்தேன். வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போய், முன்பணம்வரை பேசி முடித்த ஒருவர், மறுநாள் தம் காரோடு வந்து வெளிவாசலில் நுழைக்கப் பார்த்தார். கதவுத் தூண்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் கார் நுழைந்தது. ஆனால் பக்கக் கண்ணாடிகளை மடக்கினால்தான் நுழைந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நடுத்தரக் கார் ஒன்றின் அகலம் கண்ணாடிகளை நீக்கி 1.8 மீட்டர் அளவுக்கு இருக்கும் என்பதை அன்றைக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது முதல் “கார் நிறுத்துமிடம்” என்று எழுதும்போதெல்லாம் வாசலின் அகலத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தலைப்பு வரியில் கவர்ச்சி வேண்டியதில்லை. தேடுபவர் ஒரே திரையில் பல வீடுகளைப் புரட்டிக்கொண்டிருப்பார். தலைப்பின் முதல் சில சொற்களுக்குப் பிறகு உள்ளவை கைப்பேசித் திரையில் வெட்டுப்பட்டும் போகலாம். ஆகவே படுக்கையறைகளின் எண்ணிக்கை, தளம், எந்தப் பகுதி, எப்போது காலியாகிறது ஆகியவற்றை முன்னால் வைத்துவிட்டு, அந்த வீட்டுக்கே உரிய ஒரு சிறப்பை மட்டும் கடைசியில் சேர்ப்பது போதும். ஆச்சரியக்குறிகளைத் தவிர்த்துவிடுங்கள்; வீட்டைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை என்றே அவை காட்டிக்கொடுக்கும்.

விவரிப்புப் பகுதியில் பெரும்பாலோர் சறுக்குவது அடைமொழிகளில்தான். கீழே உள்ளது போன்ற விளம்பரத்தை எல்லோரும் படித்திருப்போம்:

“அழகான, விசாலமான, காற்றோட்டமான வீடு வாடகைக்கு. சகல வசதிகளும் உண்டு. நேரில் பார்த்தால் கட்டாயம் பிடிக்கும். வாடகை பேசிக்கொள்ளலாம்.”

இதில் வீட்டைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அரண்மனைக்கும் இதை எழுதலாம், ஒற்றை அறைக்கும் எழுதலாம். அதே வீட்டைப் பின்வருமாறு எழுதிப் பாருங்கள்:

“இரண்டு படுக்கையறைகள், இரண்டாம் தளம், லிஃப்ட் இல்லை; 38 படிகள் ஏற வேண்டும். சுவர்களுக்குள் புழங்கும் பரப்பு 720 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 67 சதுர மீட்டர். கூடம் 16-க்கு 11 அடி. கிழக்கிலும் தெற்கிலும் ஜன்னல்கள் இருப்பதால் பகலில் விளக்குத் தேவைப்படாது. பெரிய படுக்கையறை 12-க்கு 11 அடி, சிறியது 10-க்கு 10 அடி. சிறிய அறை மேற்குப் பார்த்தது, மாலையில் வெயில் விழும். சமையலறையில் 8 அடி நீள மேடையும், சலவை இயந்திரத்துக்குத் தண்ணீர் இணைப்பும் உண்டு. இரு சக்கர வண்டிகள் இரண்டு நிறுத்தலாம், கார் நிறுத்த இடமில்லை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து குடிவரலாம்.”

இரண்டாவது விளம்பரத்தில் “விசாலமான” என்ற சொல்லே இல்லை. 16-க்கு 11 அடி என்பதைப் படிப்பவர் அந்தச் சொல்லைத் தாமே சொல்லிக்கொள்வார், அல்லது தமக்குப் போதாது என்று அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார். “காற்றோட்டமான” என்பதற்கு எதிரெதிர் சுவர்களில் ஜன்னல்கள் இருப்பதையும், “அமைதியான” என்பதற்குப் படுக்கையறைகள் தெருப்பக்கம் இல்லாமல் பின்பக்கம் இருப்பதையும், “எல்லாவற்றுக்கும் அருகில்” என்பதற்குப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துபோக ஆகும் நிமிடங்களையும் எழுத வேண்டும். அந்த நிமிடங்களை நீங்களே ஒருமுறை நடந்து பார்த்து எழுதுங்கள். வரைபடத்தில் தெரியும் நேர்க்கோட்டுத் தொலைவை நம்பி எழுதினால், பார்க்க வரும் முதல் ஆளே அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மைகளும் எடுபடாது.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவு கூடாது. “வாடகை பேசிக்கொள்ளலாம்” என்ற வரி பேரம் பேசுபவரை இழுத்து வருமே தவிர, மாத வருமானத்துக்கு ஏற்பக் கணக்குப் போட்டுக் குடிவர நினைப்பவரை விரட்டிவிடும். வாடகைத் தொகையை எண்ணில் எழுதி, அதற்குள் எவை அடங்கும், எவை அடங்கா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம், இணையம், வண்டி நிறுத்தம், குப்பை அகற்றுவதற்கான செலவு. முன்பணம் எவ்வளவு, அதிலிருந்து எவற்றுக்குப் பிடித்தம் செய்யப்படும், குறைந்தது எத்தனை மாதம் தங்க வேண்டும், காலி செய்ய எவ்வளவு காலம் முன்பே சொல்ல வேண்டும், வாடகை எப்போது உயரும் என்பனவும் அங்கேயே இருக்கட்டும். உங்கள் பகுதியில் இதே அளவுள்ள வீடுகள் என்ன வாடகைக்குப் போகின்றன என்று பார்த்துவிட்டுத் தொகையைக் குறிப்பது நல்லது. சற்றே கூடுதல் வாடகை கேட்டு இரண்டு மாதம் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர், அந்த இழப்பை ஈடுகட்ட எத்தனை மாதம் ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தாலே போதும்.

குறைகளை எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதத்தான் வேண்டும் என்பது என் முடிவு. மேற்குச் சுவர் மாலையில் சூடாவது, குளியலறை சிறியதாக இருப்பது, பக்கத்து மனையில் கட்டட வேலை நடப்பது, கைப்பேசிச் சமிக்ஞை உள்ளறையில் பலவீனமாக இருப்பது ஆகியவை நேரில் வந்த ஐந்தாவது நிமிடத்தில் எப்படியும் தெரிந்துவிடும். முன்பே தெரிந்துகொண்டு வருபவர், அதைப் பொறுத்துக்கொள்ளத் தயாராகவே வருகிறார்; தெரியாமல் வருபவர், வேறென்னவெல்லாம் மறைத்திருக்கிறார்களோ என்ற ஐயத்தோடு திரும்பிப் போகிறார். மூன்று குறைகள் இருந்தால் மூன்றையும் ஒரே இடத்தில் குவித்து ஒப்பாரி வைக்கத் தேவையில்லை. மேலே உள்ள மாதிரியில் மேற்கு வெயில் வந்திருப்பதுபோல, அந்தந்த அறையைச் சொல்லும் இடத்தில் ஒரு வரியாக அது வந்தால் போதும்.

படங்களுக்கு, எழுத்துக்குச் செலவிட்டதைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். முதல் வேலை படமெடுப்பதன்று, துப்புரவு. குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியவை, கதவின் பின்னால் தொங்கும் துணிகள், சமையல் மேடையில் கிடக்கும் பாத்திரங்கள், முகம் தெரியும் குடும்பப் படங்கள் ஆகியவற்றை எடுத்துவிட்டு, கழிவறை மூடியையும் மூடிவிடுங்கள். திரைச்சீலைகளை விலக்கி, வெளிச்சம் நன்றாக இருக்கும் பகல் வேளையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியோ பக்கவாட்டிலோ நின்று எடுக்க வேண்டும். ஜன்னலை நேரே நோக்கி எடுத்தால் ஜன்னல் வெளுத்து அறை இருண்டுபோகும். கைப்பேசியைப் படுக்கைவாட்டில், மார்பளவு உயரத்தில், சாய்க்காமல் பிடித்து, அறையின் மூலையிலிருந்து எடுத்தால் சுவர்கள் செங்குத்தாக விழும். சற்றே மேலே தூக்கிச் சாய்த்தாலும் சுவர்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிவதுபோல் தெரியும். அகல்கோண லென்ஸில் எடுத்தால் அறை பெரிதாகத் தெரியும் என்று ஆசைப்படுகிறோம். ஆனால் ஓரத்தில் இருக்கும் கட்டிலும் கதவும் இழுபட்டு நீண்டுவிடுவதால், பார்த்தவர் உடனே புரிந்துகொள்வார். நேரில் வந்து அறையின் உண்மையான அளவைக் கண்டதும் அவர் முகம் வாடுவதைப் பார்ப்பதும் நமக்கு இன்பமான காட்சியாக இருக்காது.

படங்களை வாசலிலிருந்து வீட்டுக்குள் நடந்து போகும் வரிசையில் அடுக்க வேண்டும். முகப்பில் மட்டும் வெளிச்சமான அறை ஒன்று இருக்கலாம். குளியலறைப் படம் இல்லாத விளம்பரத்தில் குளியலறை மோசமாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் ஊகிப்பார்கள். கைப்பட வரைந்து அளவுகள் குறித்த தரைப்படம் ஒன்றைச் சேர்த்தால், பத்துப் படங்கள் சொல்லாததை அது சொல்லிவிடும். பதிவேற்றுவதற்கு முன், நிறுத்தியிருக்கும் வண்டிகளின் எண்களும் கதவு எண்ணும் தெரியாதபடி வெட்டிவிடுங்கள். கைப்பேசிக் கோப்புக்குள் படமெடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகளும் பதிந்திருக்கலாம் என்பதால், இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டே பகிர வேண்டும். ஆளில்லாத வீட்டின் துல்லியமான முகவரியைப் பொதுவில் வைப்பது திருடருக்கும் அழைப்பு விடுப்பதுதான்.

யாருக்கு வீடு என்பதை எழுதும்போது பேனாவைச் சற்று நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆட்களின் பிறப்பையும் நம்பிக்கையையும் பற்றி எழுதாமல் வீட்டையும் அதில் குடியிருப்பதற்கான விதிகளையும் மட்டும் எழுதுவதே முறை. பல நாடுகளில் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் 1968-இல் நிறைவேறிய நியாய வீட்டுவசதிச் சட்டம், இனம், நிறம், மதம், பூர்வீக நாடு சார்ந்த விருப்பத்தை வாடகை விளம்பரத்தில் தெரிவிப்பதையே தடைசெய்தது. 1974-இல் பாலினமும், 1988-இல் உடற்குறையும் குழந்தைகள் உள்ள குடும்ப நிலையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. உங்கள் ஊரின் சட்டம் எதுவாயினும், எத்தனை பேர் தங்கலாம், புகைபிடிக்கலாமா, வளர்ப்பு விலங்கு இருக்கலாமா, எந்த ஆவணங்கள் தேவை என்பவை எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்தும் நிபந்தனைகள். அவற்றைக் கடுகடுப்பாக எழுத வேண்டாம். “புகைபிடிப்பவர்கள் தொடர்புகொள்ளவே வேண்டாம்” என்பதையும் “வீட்டுக்குள் புகைபிடிக்க அனுமதியில்லை, பால்கனியில் பிடிக்கலாம்” என்பதையும் படிக்கும் நல்ல குடித்தனக்காரர், பிற்காலத்தில் குழாய் ஒழுகினால் யாரிடம் பேச வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே படிக்கிறார்.

கடைசி வரியில் எந்த நேரத்தில் அழைக்கலாம், எந்த நாள்களில் பார்க்கலாம் என்பதைச் சொல்லி, எத்தனை பேர், எப்போது குடிவர நினைக்கிறார்கள், எவ்வளவு காலம் தங்க எண்ணம் என்ற மூன்றையும் முதல் செய்தியிலேயே எழுதும்படி கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் எழுதாமல் “இன்னும் காலியாக இருக்கிறதா?” என்று மட்டும் கேட்பவர் விளம்பரத்தை முழுதாகப் படிக்கவில்லை என்று கொள்ளலாம்.

விளம்பரம் போட்டு ஒரு வாரமானதும் அது எங்கே சிக்குகிறது என்று பாருங்கள். பலர் திறந்து பார்த்தும் யாரும் அழைக்கவில்லை என்றால் வாடகையோ முகப்புப் படமோ தடுக்கிறது. அழைப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டால், அதன் பதிலை விளம்பரத்தில் சேர்க்க வேண்டும். நேரில் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனால் விளம்பரம் வீட்டைவிட அழகாக இருக்கிறது என்று பொருள்; அப்போது திருத்த வேண்டியது வீட்டையா எழுத்தையா என்று நீங்களே முடிவு செய்யலாம். ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே விளம்பரத்தை எடுத்துவிட்டு, அதன் எழுத்தையும் படங்களையும் தேதியோடு ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். அடுத்த முறை வீடு காலியாகும்போது அளவு நாடாவை மறுபடி தேட வேண்டியிராது. குடிவந்த நாளில் சுவரும் தரையும் எப்படி இருந்தன என்ற பேச்சு எழுந்தால் அந்தப் படங்களை எடுத்துக் காட்டலாம்.