பூட்டை விட்ட பிறகு கெட் செய்யாதீர்கள்: கேர்னல் ரெஃபரன்ஸ் கவுண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொக்குவிலில் மாலை வேளைகளில் என்னிடம் லினக்ஸ் ட்ரைவர் எழுதப் பழகும் பிள்ளைகளின் நிரல்களைத் திருத்தும்போது, பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு நான் விட்ட பிழைகள் அதே இடங்களில் திரும்பி வருவதைக் காண்கிறேன். இயங்குதளத்தின் மையமான கேர்னலில் பலர் பகிரும் ஒரு பொருளை, அதாவது நினைவகத்தில் இருக்கும் ஒரு தரவுத் தொகுதியை, எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது; இதுதான் ரெஃபரன்ஸ் கவுண்ட். பிடிப்பவர் கெட் செய்து ஒன்றைக் கூட்டுகிறார். விடுபவர் புட் செய்து ஒன்றைக் கழிக்கிறார். எண்ணிக்கையைப் பூச்சியமாக்கும் புட், பொருளின் நினைவகத்தை விடுவிக்கிறது. ஒரு கெட்டுக்கு ஒரு புட் என்பதை மறப்பது எல்லோரும் அறிந்த பிழையாதலால் அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

புட் செய்த பின் சுட்டியைத் தொடுதல்

சுட்டி என்பது பொருள் இருக்கும் நினைவக முகவரி. அந்தப் புட்டே பொருளை விடுவித்திருக்கலாம் என்பதால், பிழைச்செய்தி அச்சிடுவதற்காகக்கூடத் தொடக்கூடாது.

தேடிக் கண்டெடுத்து, பூட்டை விட்டு, பிறகு கெட் செய்தல்

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்கும் ஒரு யூஎஸ்பி கருவிக்கு நான் ட்ரைவர் எழுதியபோது, இணைக்கப்பட்ட கருவிகளை ஒரு பட்டியலில் வைத்திருந்தேன். கோப்பைத் திறக்கும்போது பூட்டை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பட்டியலைத் தொட விடுவது) எடுத்து, பட்டியலில் கருவியைத் தேடி, பூட்டை விட்டு, அடுத்த வரியில் கெட் செய்தேன். அந்த இரண்டு வரிகளுக்கு இடையே யாராவது வயரைப் பிடுங்கினால், மற்றொரு ப்ராசசர் கோரில் ஓடும் நீக்கல் வழி பொருளைப் பட்டியலிலிருந்து எடுத்து, கடைசிப் புட்டைச் செய்து, நினைவகத்தை விடுவித்துவிடும். அதன் பின் என்னுடைய கெட் கூட்டுவது செத்துப்போன பொருளின் எண்ணிக்கையை.

ஒரே கோர் கொண்ட மெய்நிகர் கணினியில் அது ஒருமுறைகூட வெளிப்படவில்லை. நான்கு கோர் இயந்திரத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை, அதுவும் என் ட்ரைவரோடு தொடர்பே இல்லாத இடத்தில், கேர்னல் விழுந்தது. விடுவித்த நினைவகம் அதற்குள் வேறொருவர் கைக்குப் போயிருந்ததே காரணம். விடுவித்த நினைவகத்தைத் தொடுவதைக் காட்டிக்கொடுக்கும் காசான் கருவி 2015இல் லினக்ஸ் 4.0 பதிப்போடுதான் வந்தது என்பதால், அன்று எனக்கு உதவியது கேர்னல் நினைவகப் பங்கீட்டைச் சோதிக்கும் ஸ்லாப் பிழைதேடல் மட்டுமே. அதை இயக்கினால், விடுவித்த பொருள் பதினறும எண் 6பியால் நிரப்பப்படுகிறது. பதினோராவது நாள் வந்த அறிக்கையில், 6பி வரிசையாக நின்ற இடத்தில் ஒரேயொரு பைட் மட்டும் 6சி என்றிருந்தது. சரியாக ஒன்று கூடியிருக்கிறது. செத்த பொருளில் யாரோ கெட் செய்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

சென்ற மாதம் ஒரு மாணவன், "சேர், பூட்டு எடுத்துத்தானே தேடினனான், பிறகேன் விழுகுது?" என்று கேட்டான். தேடலை மட்டும் பூட்டு காத்தால் போதாது. கெட்டும் அதே பூட்டுக்குள் முடிய வேண்டும். மிகத் தெளிவான ஏற்பாடு, பட்டியலுக்கே ஒரு பிடிப்பைக் கொடுப்பது. அப்போது பட்டியலில் இருக்கும் பொருளின் எண்ணிக்கை ஒன்றுக்குக் குறையாது. நீக்குபவர் பூட்டுக்குள் பொருளைப் பட்டியலிலிருந்து எடுத்த பிறகே பட்டியலின் பிடிப்பைப் புட் செய்வார்.

இதைச் சொன்னவுடன் பலர் கெட்டை மாற்றி, "பூச்சியம் இல்லையென்றால் மட்டும் கெட்" என்ற அழைப்பைப் பூட்டுக்கு வெளியே அதே இடத்தில் வைத்துவிட்டு, தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த அழைப்பும் எண்ணிக்கையைப் படித்தாக வேண்டும். படிக்கும் இடமே விடுவிக்கப்பட்டிருந்தால், அங்கே இருக்கும் எண் யாருடையது? பட்டியல் பிடிப்பு வைத்திராமல், விடுவிக்கும் செயற்கூறே பூட்டை எடுத்துப் பொருளைப் பட்டியலிலிருந்து நீக்கும் ஏற்பாடுகளில் அந்த அழைப்பு அவசியமானது. ஆனால் அங்கும் அது பூட்டுக்குள், அல்லது ஆர்சியூ (பூட்டில்லாமலே வாசிக்க விடும் கேர்னல் ஏற்பாடு) வாசிப்புப் பகுதிக்குள் இருக்க வேண்டும். ஆர்சியூ என்றால், விடுவிப்பதும் வாசகர்கள் வெளியேறும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

பிழை இருப்பதை நிரூபிக்க, பூட்டை விடும் வரிக்கும் கெட்டுக்கும் இடையே வேண்டுமென்றே சில மில்லிசெக்கன் தாமதத்தைப் போட்டு, கோப்பைத் திறந்துகொண்டே வயரைப் பிடுங்கிப் பாருங்கள். மூன்று நாள் காத்திருப்பு மூன்று நிமிடமாகும்.

பதிவு தோற்றதும் நேரடியாக விடுவித்தல்

சாதனத்தைப் பதிவு செய்யும் அழைப்பு தோல்வியில் முடிந்தாலும் எண்ணிக்கை ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது; ஆகவே நினைவகத்தை நேரே விடுவிக்காமல் புட் செய்ய வேண்டும்.

எண்ணிக்கை ஒன்றா என்று படித்து முடிவெடுத்தல்

படித்து முடித்த கணத்திலேயே அது மாறியிருக்கலாம்.

வெறும் அட்டாமிக் எண்ணை எண்ணிக்கையாக வைத்தல்

அட்டாமிக் எண் என்பது இடையில் யாரும் குறுக்கிடாமல் ஒரே செயலாகக் கூட்டவோ கழிக்கவோ முடிகிற எண்; எல்லை மீறுவதை அது தடுக்காது. 2016இல் வெளியான சிவிஇ-2016-0728 என்ற பாதுகாப்புக் குறைபாடு இந்த வகையைச் சேர்ந்தது. கேர்னலின் சாவிக்கொத்துப் பகுதியில் ஒரு பிழைவழி ஒவ்வொரு முறையும் ஒரு புட்டைச் செய்யாமல் விட்டுவிட்டது. 32 பிட் எண்ணிக்கை அப்படியே ஏறி, 4,294,967,296ஐத் தொடும்போது பூச்சியத்துக்குச் சுழன்று, பயன்பாட்டிலிருந்த பொருள் விடுவிக்கப்பட்டு, சாதாரணப் பயனர் ரூட் (முழு நிர்வாக) உரிமை பெற முடிந்தது. 2017இல் 4.11 பதிப்போடு வந்த ரெஃப்கவுண்ட் வகை, எல்லை மீறினால் சுழலாமல் உச்சத்திலேயே நின்றுவிடுகிறது. பொருள் விடுவிக்கப்படாமல் கசிகிறது, ஆனால் அதை எவரும் ஆயுதமாக்க முடிவதில்லை. கெட், புட் அழைப்புகளைத் தரும் கேரெஃபும் இப்போது அதன் மேலேயே கட்டப்பட்டிருக்கிறது. இருந்தும், இந்த வாரம் நான் திருத்திய மூன்று ட்ரைவர்களில் இரண்டில் வெறும் அட்டாமிக் எண்தான் இருந்தது.